வாளி கேட்ட விருந்தாளிகள்

கோவில்பட்டிப் பக்கம் ‘ஹோட்டல்’ என்றால் சாப்பிடுகிற இடம். தங்குகிற இடத்துக்குப் பெயர் லாட்ஜ். ‘சென்னையில உங்களுக்கு ஹோட்டல்ல ரூம் போட்டுருக்கேன்’ என்று அமெரிக்காவிலிருந்து மகள் போனில் சொன்னபோது, அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. “ஹோட்டல்ல எதுக்குத் தாயி தங்கணும்? சாப்பிட்டுட்டு வந்துர வேண்டியதுதானே” என்றார்.

அப்பாவுக்கு 70 வயது. தீப்பெட்டி ஆபீஸில் 30 வருடம் கணக்கு எழுதியவர். அம்மாவுக்கு 65. இரண்டு முழங்காலிலும் வலி. ஒரே மகள் டெக்சாஸில் இருக்கிறாள். வைகாசியில் அவளுக்குப் பிரசவம். போய்ப் பார்த்துவர விசா வேண்டும். முதல் நாள் விசா மையத்தில் கைரேகை. மறுநாள் காலை, அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். நடுவில் ஓர் இரவு.

அந்த ஓர் இரவைத்தான் மகள் பரிசாகக் கொடுக்க நினைத்தாள். அவர்கள் சென்னைக்கு வந்தால் எழும்பூர் கென்னட் லேனில் ஏதாவது ஒரு லாட்ஜ். இல்லையென்றால் பெரம்பூரில் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டு ஹாலில் பாய். “இந்த ஒரு தடவையாவது ராஜா ராணி மாதிரி இருந்துட்டு வாங்க” என்றாள்.

இரண்டு நாள் உட்கார்ந்து, அந்த ஹோட்டலில் தங்கியவர்கள் எழுதிய அனுபவங்களை எல்லாம் படித்தாள். நீச்சல் குளம் அருமை என்றார் ஒருவர். காலை பஃபே பிரமாதம் என்றார் இன்னொருவர். வைஃபை வேகம், மெத்தை சுகம், ஊழியர்கள் தங்கம் என்று வரிசையாகப் பாராட்டு. தூதரகத்துக்கும் பக்கம். அறை வாடகை 6,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். அதை மட்டும் அவள் சொல்லவில்லை. கணக்கு எழுதிய அப்பா எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். நடந்த எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் காரணம்.

இரண்டு மணி வரை

நெல்லை எக்ஸ்பிரஸ் விடிகாலையில் எழும்பூரில் இறக்கிவிட்டது. ஆட்டோ பிடித்து ஹோட்டல் வாசலில் இறங்கியபோது மணி ஏழரை. கோட் போட்ட வாசல்காரர் கதவைத் திறந்து கும்பிட்டார். அப்பா பதற்றத்தில் கையிலிருந்த மஞ்சப்பையைக் கீழே வைத்துவிட்டு, பதிலுக்குக் கும்பிட்டார்.

ரிசப்ஷனில் இருந்த பெண் சிரித்த முகமாகத்தான் சொன்னாள். “செக்-இன் ரெண்டு மணிக்குத்தான் சார்.”

லாட்ஜில் இந்தப் பேச்சே கிடையாது. எத்தனை மணிக்குச் சாவி வாங்குகிறோமோ, அதிலிருந்து 24 மணி நேரம். பெரிய ஹோட்டல்களின் கணக்கு வேறு. பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு முந்தைய விருந்தாளி காலி செய்வார். அதன் பிறகு அறையைச் சுத்தம் செய்து, விரிப்பு மாற்றி, அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். இரவு ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் அந்தக் கணக்குக்குள் வருவதில்லை.

‘முன்னாடியே ரூம் காலியா இருந்தா தர்றீங்களா?’ என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பல இடங்களில் கொடுப்பதும் உண்டு. சில இடங்களில் கொஞ்சம் கூடுதல் பணம் கேட்பார்கள். ‘குளிச்சுட்டுப் புறப்பட இடம் இருக்கா?’ என்றாவது கேட்டிருக்கலாம். அப்பா கேட்கவில்லை. “சரிம்மா, சரிம்மா” என்று தலையாட்டினார். லாபியில் இருந்த கழிப்பறையிலேயே முகம் கழுவி, உடை மாற்றிக்கொண்டார்கள். பெட்டியை ரிசப்ஷனில் ஒப்படைத்துவிட்டு விசா மையத்துக்குக் கிளம்பினார்கள்.

கைரேகை முடிந்து திரும்பியபோது மணி பன்னிரண்டு. லாபி சோபாவில் உட்கார்ந்த அம்மா, பாதி உள்ளே போய்விட்டார். எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும் போல இருந்தது. யாரோ ஒரு பையன் தட்டில் ஜூஸ் கொண்டுவந்து நீட்டினான். “வேண்டாம் தம்பி, இப்பதான் குடிச்சோம்” என்றார் அப்பா. அவர்கள் எதுவும் குடித்திருக்கவில்லை. அது வருகிறவர்களுக்கு எல்லாம் இலவசமாகக் கொடுக்கும் ஜூஸ் என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

நகராத லிஃப்ட்

இரண்டு மணிக்கு இருவரிடமும் ஆதார் கேட்டார்கள். பிறகு, 2,000 ரூபாய் முன்பணம் கட்டச் சொன்னார்கள். அப்பாவின் முகம் வாடிவிட்டது. மகள் பணம் கட்டவில்லையோ, கட்டியது வந்து சேரவில்லையோ? வாடகை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. இது அறையில் கூடுதலாக ஏதாவது வாங்கினால் கழித்துக்கொள்வதற்காக, இல்லையென்றால் காலி செய்யும்போது திரும்பக் கிடைக்கும் என்று அந்தப் பெண் வேகமாகச் சொன்னாள். அப்பாவின் காதில் ‘கூடுதல்’ என்ற சொல் மட்டும்தான் விழுந்தது.

அட்டை ஒன்றைக் கொடுத்து, “சிக்ஸ் ஒன் டூ” என்றாள். லிஃப்டில் ஏறி ஆறை அழுத்தினார்கள். கதவு மூடியது. லிஃப்ட் அசையவில்லை. மறுபடி அழுத்தினார்கள். கதவு திறந்து, அதே லாபி தெரிந்தது. மூன்றாம் முறை உள்ளே வந்த ஒரு பெண், தன் அட்டையைப் பொத்தானுக்குக் கீழே இருந்த கட்டத்தில் காட்டிவிட்டு, “உங்களுக்கு எந்த மாடிம்மா?” என்று கேட்டார். கேட்ட பிறகுதான் அம்மாவுக்கு மூச்சு வந்தது.

அறைக்குள் இருட்டு. எந்த சுவிட்சும் வேலை செய்யவில்லை. அட்டையைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த இடுக்கில் செருக வேண்டும் என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. அப்பா குளியலறையில் இருந்தபோது, அட்டை பத்திரமாக இருக்கட்டுமே என்று அம்மா அதை உருவி முந்தானையில் முடிந்துகொண்டார். உள்ளேயிருந்து, “ஏய், கரண்டு போயிருச்சு!” என்று சத்தம். “ஆமா, நம்ம ஊரு மாதிரிதான் இங்கயும்” என்று அம்மா பதில் சொன்னார். அந்த நாளில் இருவரும் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

குளியலறைக்கும் படுக்கைக்கும் நடுவே சுவர் இல்லை, கண்ணாடி. அதை மறைக்கத் திரை இருந்தது. அதை இறக்கும் பொத்தான் கட்டிலுக்குப் பின்னால் இருந்தது. அது தெரியாததால், அம்மா உள்ளே போகும்போதெல்லாம் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

உள்ளே வாளி இல்லை. கப் இல்லை. உட்கார முக்காலி இல்லை. தலைக்கு மேலே தட்டு மாதிரி ஒரு ஷவர், சுவரில் ஒரே ஒரு நீளமான பிடி. அப்பா திருப்பினார். முதலில் பச்சைத் தண்ணீர். இன்னும் கொஞ்சம் திருப்பியதும் கொதிக்கிற தண்ணீர் தோளில் கொட்டியது. “நீ குளிக்காதே. வழவழன்னு இருக்கு தரை. விழுந்தா நாளைக்கு நேர்காணல் போச்சு” என்றார்.

‘சொர்க்கம் மாதிரி இருக்கு’

இலவசமாக வைத்திருந்த இரண்டு சிறிய தண்ணீர் பாட்டில்களும் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிட்டன. குட்டி ஃபிரிட்ஜுக்கு மேலே கண்ணாடி பாட்டில் ஒன்று இருந்தது. அதன் கழுத்தில் விலைச்சீட்டு தொங்கியது. அப்பா அதை எட்ட நகர்த்தி வைத்தார். ராத்திரி சாப்பாட்டுக்கு மெனுவை எடுத்துப் பார்த்தார். இட்லி என்ற இடத்தில் விரலை வைத்து, எதிரே இருந்த எண்ணைப் படித்தார். மெனுவை மூடினார். ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு மிச்சம் இருந்தது. அதைச் சாப்பிட்டார்கள்.

ஒன்பது மணிக்கு மகள் வீடியோவில் வந்தாள். அங்கே காலை.

“எப்படிம்மா இருக்கு ரூம்?”

அம்மா சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மெத்தை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஏசி அறையை உறையவைத்துக்கொண்டிருந்தது. ரிமோட்டைத் தேடித் தேடிப் பார்த்தாகிவிட்டது. கிடைத்தது டி.வி. ரிமோட் மட்டும்.

“சொர்க்கம் மாதிரி இருக்கு தாயி” என்றார்.

“சாப்பிட்டீங்களா?”

“வயிறு முட்டச் சாப்பிட்டோம்.”

மகளுக்குச் சந்தோஷம். வயிற்றைத் தடவிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்காகத்தான் அம்மா பொய் சொன்னார். அவர் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தது கேமராவில் தெரியவில்லை.

மேஜையில் போன் இருந்தது. அதை எடுத்துப் பேசினாலே காசு பிடிப்பார்கள் என்று அப்பா நினைத்தார். ‘பிள்ளைக்கு இதுக்கு மேல செலவு வைக்கக் கூடாது’ என்பதுதான் அவருடைய ஒரே எண்ணம். இரவு இரண்டு மணிக்கு அம்மாவுக்கு நடுக்கம் எடுத்தது. மெத்தை விரிப்பு போதவில்லை. அப்பா தன் வேட்டி, துண்டு எல்லாவற்றையும் எடுத்து அவர் மேல் போர்த்தினார். 6,000 ரூபாய் அறையில், இரண்டு பேரும் விடிகிறவரை உட்கார்ந்தே இருந்தார்கள்.

“அப்பா, ஒன்பது அழுத்துங்க”

ஐந்து மணிக்கு அம்மா, “தலைக்கு ஊத்தாம எப்படிங்க போறது? நல்ல காரியத்துக்குல்லா போறோம்” என்றார். அப்பா கதவைத் திறந்து வராந்தாவுக்கு வந்தார். நீளமான வராந்தா. கடைசியில், கதவுக்குக் கதவு பேப்பர் போட்டுக்கொண்டே ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். சீருடை போட்ட அசாம் பையன்.

அப்பா தயங்கித் தயங்கி, “தம்பி, ஒரு வாளி கிடைக்குமா?” என்றார்.

அவனுக்கு ‘வாளி’ புரியவில்லை. அப்பா கையால் மொண்டு தலையில் ஊற்றிக் காட்டினார். “ஓ, பால்டி! பக்கெட்!” என்றான். ஓடினான். ஐந்து நிமிஷத்தில் வாளி, கப், பிளாஸ்டிக் முக்காலி மூன்றும் வந்தன. ரப்பர் மிதியடி ஒன்றைக் குளியலறைத் தரையில் விரித்தான். பிடியை இடது பக்கம் திருப்பினால் வெந்நீர், வலது பக்கம் பச்சைத் தண்ணீர், நடுவில் வெதுவெதுப்பு என்று திருப்பிக் காட்டினான். கட்டிலுக்குப் பின்னால் இருந்த பொத்தானை அழுத்தினான். கண்ணாடியை மறைத்துத் திரை இறங்கியது.

அம்மா போர்த்தியிருந்த கோலத்தைப் பார்த்தவன், சுவரில் இருந்த சின்னக் கண்ணாடிச் சதுரத்தைத் தொட்டான். 18 என்று இருந்தது 26 ஆனது. அலமாரியைத் திறந்து, மேல்தட்டிலிருந்து கனமான கம்பளி ஒன்றை எடுத்துக் கட்டிலில் வைத்தான். இரவு முழுக்க அது அங்கேதான் இருந்திருக்கிறது, அவர்களிடமிருந்து நாலு அடி தூரத்தில்.

போனைக் காட்டி, “அப்பா, ஒன்பது அழுத்துங்க. தண்ணி, கம்பளி, பக்கெட், எல்லாம் வரும். காசு இல்ல” என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். போதுமானதாக இருந்தது.

அம்மா பையைத் திறந்து ஒரு பாக்கெட் கடலைமிட்டாயை அவன் கையில் திணித்தார். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிக் கடலைமிட்டாய். மகளுக்காக எடுத்துவைத்ததில் ஒன்று. அவன் சிரித்துக்கொண்டே அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த கதவுக்குப் பேப்பர் போடப் போனான்.

யாருக்காகக் கட்டிய அறை?

நட்சத்திர ஹோட்டல்கள் சென்னைக்குப் புதிதல்ல. நுங்கம்பாக்கத்தில் தாஜ் கோரமண்டல் 1974-ல் வந்தது. ஐ.டி.சி. நிறுவனத்தின் முதல் ஹோட்டலான சோழா, 1975-ல் கதீட்ரல் சாலையில் திறக்கப்பட்டது. அன்றைக்கு இப்படிப்பட்ட அறைகளுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுப் பயணிகள், தொழிலதிபர்கள், கம்பெனி அதிகாரிகள். ஷவரும், மேலே போர்த்த ஒரே விரிப்பும், ஆங்கிலக் கையேடும் அவர்களுக்குப் பழகிய விஷயங்கள்.

இன்று வருகிறவர்கள் மாறிவிட்டார்கள். விசாவுக்கு வரும் பெற்றோர், கிரீம்ஸ் சாலை ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளியின் குடும்பம், வரவேற்புக்கு வரும் பெண்வீட்டார் என்று யாரோ ஒருவரின் பிள்ளை செல்போனில் போட்ட அறைக்குப் பலர் வருகிறார்கள். அறை மட்டும் அன்றைய விருந்தாளிக்காகவே இன்னமும் காத்திருக்கிறது. எது இலவசம், எது காசு, எதை எப்படித் திருப்புவது என்று தமிழில் ஒரு வரி அந்த அறையில் இல்லை.

ஊழியர்கள் யாரும் அவர்களை அவமானப்படுத்தவில்லை. எல்லோரும் கும்பிட்டார்கள், எல்லோரும் சிரித்தார்கள். கேட்டதை எல்லாம் கொடுத்தார்கள். ஆனால், கேட்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்தச் சிரிப்பு உதவியது. சொந்தக்காரர் வீட்டில் தங்கும்போது, ‘அவர்களுக்கு எதுக்குச் சிரமம்’ என்று வாயை மூடிக்கொண்டு பழகியவர்கள் இவர்கள். அது நல்ல பழக்கம்தான். ஆனால், காசு கொடுத்துத் தங்கும் இடத்தில் அந்தப் பழக்கம் அவர்களையே வருத்தியது.

ஒன்பதை அழுத்திய அம்மா

குளித்து, திருநீறு பூசி, ஆறரை மணிக்குக் கீழே இறங்கினார்கள். காலைச் சாப்பாடு வாடகையோடு சேர்த்தி என்று ரிசப்ஷனில் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே அப்பா தட்டை எடுத்தார். பொங்கல், வடை, கண் முன்னாலேயே ஊற்றித் தரும் தோசை. “சாம்பார் ஒரே இனிப்பா இருக்கு” என்று அம்மா குறைசொன்னார். குறை சொல்லும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

மாடிக்கு வந்ததும் அவரே போனை எடுத்து ஒன்பதை அழுத்தினார். “612-ல இருந்து பேசுதேன். பிளாஸ்க்ல கொஞ்சம் வெந்நி வேணும்” என்றார். பத்து நிமிஷத்தில் வந்தது. அப்பா வியந்துபோய் மனைவியைப் பார்த்தார்.

தூதரகத்துக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. அறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். நேர்காணல் தமிழிலேயே நடந்தது. மூன்று, நான்கு கேள்விகள்தான். அதிகாரி பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார். விசா கிடைத்துவிட்டது என்று வெளியே வந்த பிறகு, பக்கத்தில் நின்றவர் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

காலி செய்யும்போது ரிசப்ஷனில் இருந்தவர், “மினி பார்ல ஏதாவது எடுத்தீங்களா சார்?” என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். அப்பா துடித்துப்போய், “தொடவே இல்லீங்க” என்றார். 2,000 ரூபாயும் முழுதாகத் திரும்பி வந்தது. கணக்கு எழுதியவர் அல்லவா, பில்லை வரிவரியாகப் படித்தார். நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். அதற்கு முன் 12 சதவிகிதமாக இருந்தது. மகள் அனுப்பிய ரசீதோடு ஒப்பிட்டு, சரியாக இருக்கிறது என்று தலையசைத்தார்.

பில் படிக்கிற பழக்கம் எல்லோருக்கும் வேண்டியதுதான். ஹோட்டலில் சாப்பிட்டால் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஒரு வரி இருக்கலாம். அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் சொன்னதை, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. அந்த வரியை எடுக்கச் சொல்லலாம். ஆனால், தண்ணீர் பாட்டிலை அச்சிட்ட விலைக்கு மேல் ஹோட்டல்கள் விற்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதனால், இலவசத் தண்ணீர் எது என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. அறைக் கதவின் பின்புறம், தீப்பிடித்தால் எந்த வழியாக இறங்குவது என்று ஒரு படம் ஒட்டியிருக்கும். உள்ளே போனதும் அதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

நாலு நட்சத்திரம்

இரண்டு நாள் கழித்து, ‘உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?’ என்று ஹோட்டலிலிருந்து மகளுடைய செல்போனுக்குச் செய்தி வந்தது. அறை அவள் பெயரில் போட்டது. தங்கியவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அவள் ஊருக்குப் போன் போட்டாள்.

“அஞ்சுக்கு அஞ்சு போடு” என்றார் அப்பா. “அந்த அசாம் பையனுக்காகப் போடு.”

“எந்தப் பையன்?”

அப்போதுதான் அம்மா எல்லாவற்றையும் சொன்னார். வாளி, ஏசி, புளிச்சோறு, விடிகிறவரை உட்கார்ந்திருந்தது, அலமாரியில் இருந்த கம்பளி. சிரித்துச் சிரித்துத்தான் சொன்னார். மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை.

“ஏம்மா, அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? நான் இங்கேருந்தே ரிசப்ஷனுக்குப் பேசியிருப்பேனே.”

“நீ ஆசையாப் போட்ட ரூமு தாயி. அதுல போய்க் குறை சொல்லவா?”

நூற்றுக்கணக்கானவர்கள் எழுதியதைப் படித்துத்தான் அவள் அந்த அறையைத் தேர்ந்தெடுத்தாள். அதில் ஒருவர்கூட வாளியைப் பற்றி எழுதவில்லை. வாளி தேவைப்படுகிறவர்கள் அங்கே எழுதுவதில்லை. அன்று இரவு அவளே எழுதினாள், தமிழில். ‘வயதான பெற்றோரைத் தங்கவைக்கிறவர்கள் கவனிக்க. குளியலறையில் வாளி, முக்காலி இருக்காது. கேட்டால் உடனே தருகிறார்கள். அறை போடும்போதே சொல்லிவையுங்கள். ஏசியைக் குறைக்கும் சதுரம் கதவுக்கு இடதுபுறச் சுவரில். கம்பளி அலமாரி மேல்தட்டில். போனில் 9 அழுத்தினால் காசு பிடிக்க மாட்டார்கள். ஊழியர்களுக்கு ஐந்து நட்சத்திரம், அறைக்கு மூன்று. மொத்தத்தில் நாலு.’

எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

“வாளின்னு மட்டும் எழுதினா மெட்ராஸ்காரங்களுக்குப் புரியுமா?”

“பக்கெட்டுன்னும் சேர்த்துப் போட்டுர்றேம்மா” என்றாள் மகள்.